பச்சோந்திக்கு நோய் வந்தால்



ஆடு, மாடு, கோழி, நாய், பூனை வளர்ப்பது தோட்டப்புற மக்களுக்குப் புதிதல்ல. கோழி தூங்கி விழுந்தால் என்ன செய்வது, மாடு தீனி எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அத்துப்படி. ஆனால், பட்டணத்துக் கடைகளிலிருந்து புதிய விருந்தாளி ஒன்றும் சில வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் பச்சோந்தி. பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். சில மாதங்களில் அது பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டு சோர்ந்து கிடக்கிறது. பிள்ளை அழுகிறது. பெரியவர்கள் கையைப் பிசைகிறார்கள். ‘வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை’ என்று பாட்டி சொல்லிக் காட்டுகிறார். இப்படிப்பட்ட வேளையில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் இந்தப் பிராணியை அடையாளம் கண்டுகொள்வோம். நம் வீட்டு வேலியிலும் பழமரங்களிலும் பச்சை நிறத்தில் ஓடித் திரியும் ஓணானை மலாயில் ‘சும்பா-சும்பா’ என்பார்கள். அதுவும் நிறம் மாறும். ஆனால் அது பச்சோந்தி அல்ல. மலேசியக் காடுகளில் பச்சோந்தி இனம் எதுவும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் முன்னோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கண்ட பச்சோந்தி ஓர் இனம். இன்று வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் இனங்களுள் ஒன்றோ ஏமன் நாட்டிலிருந்தும், அதை ஒட்டிய சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையிலிருந்தும் வந்தது. தலையில் கிரீடம் வைத்ததுபோல் உயர்ந்த கொண்டை இருக்கும். நான் சொல்லப்போவது இந்தக் கொண்டைப் பச்சோந்தியைப் பற்றியே.

பச்சோந்தியின் நோயைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் தெரியுமா? அது தன் நோயை மறைத்துக்கொள்ளும். காட்டில் தளர்ந்து தெரியும் பிராணியைப் பருந்தும் பாம்பும் முதலில் தூக்கிச் செல்லும். ஆகவே, உடம்பில் தெம்பு இருக்கும்வரை நலமாக இருப்பதுபோலவே அது காட்டிக்கொள்ளும். ‘நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது’ என்று நாம் சொல்லும்போது, நோய் பல நாள்களாகவோ பல வாரங்களாகவோ உள்ளே வளர்ந்திருக்கும். அதனால்தான், அறிகுறி தென்பட்ட பிறகு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

நிறத்தை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு செய்யவும் கூடாது. தோலில் உள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளியை மாற்றி அது நிறம் மாறுகிறது என்று 2015ஆம் ஆண்டில் ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். குளிரும்போது கறுக்கும்; கோபம் வந்தால் பளிச்சென்று மாறும்; தூங்கும்போது வெளிறும். நாள் முழுவதும் கறுத்தே இருந்து, வேறு அறிகுறியும் சேர்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் எவற்றைக் கவனிப்பது?

முதலாவது, கண். பச்சோந்தியின் இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். பகலில் எந்நேரமும் எதையாவது பார்த்துக்கொண்டே இருக்கும். பகலில் கண்ணை மூடிக் கிடந்தால் அது பெரிய ஆபத்தின் அடையாளம். கண் குழிவிழுந்திருந்தால் பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

இரண்டாவது, எச்சம். அதில் கறுப்பான பகுதியோடு வெள்ளைப் பகுதியும் இருக்கும். அந்த வெள்ளை, ஆரஞ்சு நிறமாகவோ கடும் மஞ்சளாகவோ மாறினால் தண்ணீர் போதவில்லை. எச்சம் நீர்த்து, கடும் நாற்றம் அடித்தால் வயிற்றில் புழுவோ கிருமியோ இருக்கலாம்.

மூன்றாவது, வாயும் மூச்சும். தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், வெயில் தாங்காமலும் இருக்கலாம், நுரையீரல் நோயாகவும் இருக்கலாம். உடனே நிழலுக்கு மாற்றுங்கள். சற்று நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அது வெப்பத்தால் வந்தது. நிழலிலும் வாய் திறந்தே இருந்து, மூச்சில் சத்தம் கேட்டு, வாயிலோ மூக்கிலோ நுரை தெரிந்தால் மருத்துவரிடம் போகத் தாமதம் கூடாது. வாயின் ஓரம் வீங்கி, உள்ளே தயிர்க்கட்டிபோல் சீழ் தெரிந்தாலும் அப்படியே.

நான்காவது, கால். கை கால் வளைந்திருப்பது, நடுங்குவது, கிளையைப் பற்ற முடியாமல் விழுவது, தாடை மெத்தென்று ஆவது, நாக்கை வீசிப் பூச்சி பிடிக்க முடியாமல் போவது ஆகியவை எலும்பு நலிவு நோயின் அடையாளங்கள்.

நேயர்களே, இந்நோய்களுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கூண்டில்தான் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மருந்து கொடுத்தாலும், பழைய கூண்டும் பழைய தீனியும் மாறாவிட்டால் நோய் திரும்பி வரும்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம், குடிக்கவில்லையே என்பார்கள். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரை இது பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலையும் மாலையும் இலைகள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியின் அடியில் ஊசியால் துளையிட்டு, கூண்டின்மேல் வைத்தால், தண்ணீர் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழும். கீழே ஒரு தட்டை வைத்துவிடுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. நீர் வற்றிச் சோர்ந்த பிராணிகளுக்கு முதல் உதவி இதுதான்.

அடுத்தது காற்றும் வெப்பமும். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் ஈரக்காற்று தேங்கி நுரையீரல் நோய் வருகிறது. நான்கு பக்கமும் காற்றோடும் வலைக்கூண்டுதான் ஏற்றது. வளர்ந்த பச்சோந்திக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரம் தேவை. பூச்சிமருந்து படாத செம்பருத்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு உள்ளே வைக்கலாம். அதன் இலையைத் தின்றாலும் கெடுதல் இல்லை. தகரக் கூரையின் கீழ் பிற்பகலில் எவ்வளவு சூடேறும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் கூண்டு வீட்டின் குளிர்ந்த மூலையில் இருக்கட்டும். விளக்கு பொருத்தியிருந்தால், பச்சோந்தியின் முதுகு அதை நெருங்க முடியாதபடி ஒரு சாணுக்கும் அதிகமான இடைவெளி விடுங்கள். சுட்டாலும் அதற்கு உடனே உணரத் தெரியாது.

புகையையும் சொல்ல வேண்டும். கொசுவர்த்தி, பூச்சி மருந்துத் தெளிப்பு, சிகரெட், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எதுவும் கூண்டின் அருகே வேண்டாம். டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால், கூண்டை முன்கூட்டியே வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மூன்றாவது, வெயிலும் சுண்ணாம்புச் சத்தும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் இந்தக் கதிர் அநேகமாக வடிகட்டப்பட்டுவிடும். ஆகவே, காலை இளவெயிலில் 15 முதல் 30 நிமிடம்வரை வலைக்கூண்டை வெளியே வையுங்கள். பாதிக் கூண்டுக்கு நிழல் கட்டாயம் இருக்க வேண்டும். காக்கை, பூனை, எறும்பு வராமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியையோ பிளாஸ்டிக் பெட்டியையோ வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

தீனியைப் பற்றித் தோட்டப்புற மக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செம்பனை நிரையில் வெட்டுக்கிளிக்குப் பஞ்சமில்லையே, காசு கொடுத்துப் பூச்சி வாங்குவானேன் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆனால், வேறு களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் இன்னும் தெளிக்கப்படுகின்றன. மருந்து பட்ட பூச்சியைத் தின்னும் பச்சோந்தியின் உடம்பில் அந்த நஞ்சு போய்ச் சேரும். மின்மினிப் பூச்சியையும் கொடுக்கவே கூடாது. சில மின்மினி இனங்கள் ஒன்றே ஒன்று போனாலும் பல்லி வகைகளைக் கொன்றுவிடும். கடையில் ‘செங்கெரிக்’ என்று விற்கும் பூச்சியே நல்லது. அதற்கு ஒரு நாள் முன்பே கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, பிறகு ஊர்வனவற்றுக்கென விற்கும் சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிக் கொடுங்கள். பூச்சியின் அளவு பச்சோந்தியின் தலையின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

பெண் பச்சோந்தி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவதுபோல, ஆண் இல்லாவிட்டாலும் இதன் வயிற்றில் முட்டை உண்டாகும். ஒரே ஈட்டில் 20, 30 முட்டைகள் இடும். அதற்கு மேலும் இடுவதுண்டு. அதற்கு மண் தோண்ட இடம் வேண்டும். ஒரு வாளியில் ஓர் அடி ஆழத்துக்குச் சற்றே ஈரமான சுத்த மணலை நிரப்பிக் கூண்டில் வையுங்கள். வயிறு பருத்து, அங்குமிங்கும் அலைந்து, தரையைப் பிறாண்டினால் முட்டையிடும் காலம் வந்துவிட்டது. அப்போது துணியால் மறைத்துத் தனியே விடுங்கள். முட்டையிடாமல் சோர்ந்து கண்ணை மூடினால், முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கலாம். அது உயிர் போகும் காரியம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி, செய்யவே கூடாதவை. நோயுற்ற பச்சோந்தியின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் அதன் வாய்க்குள்ளேயே இருப்பதால், ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். பாசினில் முக்கிக் குளிப்பாட்டாதீர்கள். பால், சோறு, கஷாயம், மஞ்சள் தண்ணீர் வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் மாத்திரையையோ, மிச்சமிருக்கும் கிருமிநாசினி மருந்தையோ பொடித்துக் கொடுக்க வேண்டாம். நமக்கு அரை மாத்திரை என்பது, சில நூறு கிராம்கூட எடை இல்லாத பிராணிக்குப் பேரளவு. தூக்கிக் கொஞ்சுவதும் வேண்டாம். பச்சோந்திக்கு மனிதர் கை படுவதே ஒரு பயம். நோயில் அந்தப் பயமும் சேர்ந்து தளர்த்திவிடும்.

பிறகு, செய்ய வேண்டியவை. கூண்டின் மூன்று பக்கத்தைத் துணியால் மறையுங்கள். இலைகளில் தண்ணீர் தெளியுங்கள். வீட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு வைத்திருப்பதல்லாத ஒரு சிறு தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து, பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வாருங்கள். 100 கிராம் இருந்தது 90 கிராமாகக் குறைந்தால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் குறிப்பேடு மருத்துவருக்குப் பாதி நோயைச் சொல்லிவிடும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பச்சோந்தியைப் பார்ப்பதில்லை. ஆகவே, பயணச் செலவு வீணாகாமல் இருக்க முதலில் தொலைபேசியில் கேளுங்கள். சிலாங்கூர், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவமனை உண்டு, அங்கும் விசாரிக்கலாம். துளையிட்ட சிறு பெட்டியில் துணி விரித்து, பற்றிக்கொள்ள ஒரு குச்சியும் வைத்துக் கொண்டுபோங்கள். அன்றைய எச்சத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள்; புழு இருக்கிறதா என்று பார்க்க அது உதவும். போகும் வழியில் பெட்டியை வெயிலில் விடாதீர்கள்.

நம் வீட்டாரின் நலமும் முக்கியமல்லவா? ஊர்வன பிராணிகளின் எச்சத்தில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். அது வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் கொண்டுவரும். கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கூண்டுப் பொருள்களைச் சமையற்கட்டில் கழுவக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், உடல் தளர்ந்த முதியோரும் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பிராணியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். ஆதலால், வாங்குவதற்கு முன் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள். சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க அனுமதியே இல்லை. வளர்க்க முடியவில்லை என்று அதைச் செம்பனைக் காட்டில் விட்டுவிடுவதும் தவறு. அயல்நாட்டுப் பிராணி அங்கே பட்டினியால் சாகலாம். பிழைத்துப் பெருகினால் நம் ஊர்ப் பிராணிகளுக்குத் தொல்லையாகலாம்.

தம்பி தங்கைகளே, பச்சோந்திக்குக் குரைக்கத் தெரியாது, கத்தத் தெரியாது. வலிக்கிறது என்று அது சொல்லப்போவதில்லை. தினமும் காலையில் பள்ளிக்குப் புறப்படுமுன் இரண்டு நிமிடம் கூண்டின் முன் நின்று, கண் திறந்திருக்கிறதா, எச்சத்தில் வெள்ளை இருக்கிறதா, கால் கிளையைப் பற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றையும் நாள் தவறாமல் பார்க்கும் பிள்ளை, நோயை முதல் நாளிலேயே கண்டுகொள்ளும். அவ்வளவு பொறுப்பை ஏற்க இன்னும் காலம் ஆகவில்லை என்று தோன்றினால், கோழிக்குஞ்சு வளர்த்துப் பழகுங்கள். பச்சோந்தி பிறகு வரட்டும்.