கிறிஸ்துமஸ் அன்றும் வேலை நாள்!

இந்தியாவில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 2 பேருக்குச் சற்று அதிகம். ஆனாலும் டிசம்பர் 25-ம் தேதி நாடு முழுவதும் அரசு விடுமுறை. ஆபீசும் பாங்கும் மூடியிருக்கும். ஜப்பானில் அப்படியில்லை. அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆகவே அன்றைய தினம் அங்கே வேலை நாள். காலை ரயில்களில் வழக்கமான கூட்டம். ஆபீசுகளில் வழக்கமான வேலை.

இந்த நாட்டின் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஆண்டுதோறும் வெளிநாட்டு இளைஞர்கள் வருகிறார்கள். இதற்கென ஜப்பான் அரசு 1987-ல் 'ஜெட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். ஓராண்டு ஒப்பந்தம், புதுப்பித்துக்கொண்டே போனால் 5 ஆண்டுகள் வரை இருக்கலாம். பலருக்கு இதுவே படிப்பு முடித்ததும் கிடைக்கும் முதல் உத்தியோகம். சிலர் போய்ச் சேரும் ஊர் ஒரு மீனவர் கிராமமாகவோ மலையடிவாரச் சிற்றூராகவோ இருக்கும். அந்த ஊருக்கே அவர் ஒருவர்தான் வெளிநாட்டவர் என்பதும் உண்டு.

பாடமாகிப் போன பண்டிகை

டிசம்பர் பிறந்ததும் இந்த ஆசிரியருக்கு ஒரு தனிப் பொறுப்பு வந்து சேரும். "உங்கள் ஊர் கிறிஸ்துமஸ் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்பார்கள். அரசுப் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்பது ஜப்பான் அரசியல் சட்டத்தின் 20-வது விதி. எனவே வகுப்பில் பெரும்பாலும் மரம், வாழ்த்து அட்டை, பரிசு, கிறிஸ்துமஸ் தாத்தா இவற்றோடு பாடம் நின்றுவிடும். சிவப்புத் தொப்பியும் பஞ்சுத் தாடியுமாக வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறார் ஆசிரியர். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் அங்கே அவர் மட்டும்தான்.

பிள்ளைகளுக்குக் குளிர்கால விடுமுறை அந்தச் சமயத்தில்தான் தொடங்கும். ஆனால் பள்ளி மூடினால் ஆசிரியருக்கும் லீவு என்று அர்த்தமில்லை. ஒப்பந்த ஊழியர் ஆதலால், தமக்குரிய வருட லீவிலிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத பள்ளியில் மேஜை முன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகலாம் என்றாலோ, ஆண்டுக் கடைசியில் விமானக் கட்டணம் எட்டாத உயரத்தில் நிற்கும்!

கோழியும் கேக்கும்

ஜப்பானில் கிறிஸ்துமஸே இல்லை என்றும் சொல்ல முடியாது. கடைத்தெருவெல்லாம் வண்ண விளக்குகள். 'கென்டக்கி' என்ற அமெரிக்க வறுத்த கோழிக் கம்பெனி 1970-ல் அங்கே கடை திறந்தது. 1974-ல் 'கிறிஸ்துமஸுக்குக் கென்டக்கி' என்று நாடெங்கும் விளம்பரம் செய்தது. வான்கோழி எளிதில் கிடைக்காத நாடு. வீடுகளில் அதைச் சுடுவதற்குப் பெரிய அடுப்பும் இல்லை. விளம்பரம் பலித்தது! இன்றும் முன்கூட்டியே பதிவு செய்து, வரிசையில் நின்று கோழி வாங்கிப் போகிறார்கள். கூடவே வெள்ளைக் கிரீமும் ஸ்ட்ராபெரிப் பழமும் வைத்த கேக்.

24-ம் தேதி இரவு அங்கே காதலர்களின் இரவு. ஓட்டல்களில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். குடும்பத்தோடு கோயிலுக்குப் போய் வந்து, ஒரே மேஜையில் சாப்பிட்டுப் பழகிய வெளிநாட்டவருக்கு இது வேறு பண்டிகை. பெயர் தெரிந்ததாக இருக்கிறது. உள்ளே இருப்பது தெரியாததாக இருக்கிறது.

கடிகாரமும் ஒத்துழைப்பதில்லை. டிசம்பரில் ஜப்பான் நேரம் லண்டனுக்கு 9 மணியும், நியூயார்க்குக்கு 14 மணியும் முந்தியது. ஜப்பானில் 25-ம் தேதி இரவு 8 மணி ஆகும்போது நியூயார்க்கில் காலை 6 மணி. செல்போனில் முகம் பார்த்துப் பேசலாம்தான். ஆனால் இவருக்குப் பண்டிகை முடிந்து படுக்கப்போகும் நேரத்தில்தான் அங்கே வீட்டார் எழுந்திருப்பார்கள்.

மணப்பாட்டிலிருந்து போனவர்

ஜப்பானின் கிறிஸ்துமஸுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாடு முதலிய ஊர்களில் தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து சிறுவர்களுக்குக் கற்பித்தவர் புனித சவேரியார். அவரே 1549-ல் ஜப்பானில் கரையிறங்கினார். 1552 டிசம்பரில் யாமகுச்சி நகரில் அவருடைய சகாக்கள் நடத்திய பூசைதான் அந்நாட்டின் முதல் கிறிஸ்துமஸ் என்று கருதப்படுகிறது. அந்தச் செய்தி சவேரியாருக்கு எட்டவில்லை. அதே மாதம் 3-ம் தேதி சீனக் கரையோரத் தீவு ஒன்றில் அவர் காலமாகிவிட்டார். பிறகு 1614-ல் நாடு முழுவதும் கிறிஸ்தவ மதம் தடை செய்யப்பட்டது. 1873-ல்தான் தடை நீங்கியது.

ஆண்டு முடியும்போது

தனியாக இருக்கும் ஆசிரியர்கள் இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார்கள். சுற்றுவட்டார ஊர்களில் வேலை செய்பவர்கள் முன்கூட்டியே பேசி லீவு போட்டு, ரயிலேறி ஓர் இடத்தில் கூடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம். பெரிய நகரமாக இருந்தால் ஆங்கிலத்தில் பூசை நடக்கும் கோயில் இருக்கும். அங்கே பிலிப்பைன்ஸ், வியட்நாம் தொழிலாளர்களும் வந்திருப்பார்கள். வீட்டை விட்டு வந்தவர்களின் கூட்டம் அது.

25 கழிந்ததும் மரங்களும் விளக்குகளும் இறங்கிவிடும். வாசல்களில் புத்தாண்டுக்கான பைன் கிளையும் மூங்கிலும் ஏறிவிடும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு ஆபீசுகள் மூடல். ஊர் போகும் கூட்டத்தைச் சமாளிக்க, 2023 முதல் ஆண்டுக் கடைசியில் 'நொசோமி' அதிவேக ரயில்களில் எல்லா இடங்களையும் ரிசர்வ் இடங்களாக்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருந்த ஆசிரியரை உடன் வேலை செய்பவர் யாராவது வீட்டுக்கு அழைத்தால், 31-ம் தேதி இரவு சோபா சேமியாவும், மறுநாள் அரிசிக் கொழுக்கட்டை மிதக்கும் சூப்பும் அவருக்குக் கிடைக்கும். அவர் ஊர்ப் பண்டிகை அல்ல. ஆனால் பலபேர் உட்கார்ந்த சாப்பாட்டில் அவருக்கும் ஓர் இலை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொங்கலன்று ஷிப்டுக்குப் போனவர்கள், தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காமல் நின்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஊரே வேலையை நிறுத்தினால்தான் பண்டிகை; ஒருவர் மட்டும் நிறுத்தினால் அது வெறும் லீவு.

நம் ஆபீசிலும் பட்டறையிலும் பிஹுவுக்குப் போக முடியாத அசாமியர் இருப்பார். ஓணத்துக்கு லீவு கிடைக்காத மலையாளி இருப்பார். கிறிஸ்துமஸுக்கு ஊர் போகாத நாகர்கோவில்காரரும் இருப்பார். அன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.