டாக்குமென்டேஷனுக்கு எதுக்குங்க கிட்?

கிட்னு சொன்னாலே, "அது கோடு எழுதுறவங்களுக்கு"ன்னு பல பேர் ஒதுங்கிடுறாங்க. ஆனா ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டோட டாக்குமென்டேஷன்ல ஒரு வரி தப்பா இருந்தா, அதைக் காப்பி பண்ற அத்தனை பேரோட கோடும் தப்பாகும். அதனால அந்த வரியை யார், எப்போ, ஏன் மாத்துனாங்கன்னு தெரிஞ்சாகணும்.

எம்டிஎன் வெப் டாக்ஸையே எடுத்துக்கோங்க. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ்ல சந்தேகம் வந்தா நாம போய் நிக்கிற இடம். மோசில்லா ஆரம்பிச்சது. 2020 டிசம்பர் வரைக்கும் அது ஒரு விக்கி. எடிட் பண்ணி சேவ் கொடுத்தா உடனே எல்லாருக்கும் தெரியும். சுலபம்தான், ஆனா தப்பும் அதே வேகத்துல வெளிய போயிடும். அப்புறம் கிட்ஹப்புக்கு மாத்துனாங்க. இப்போ உங்க திருத்தம் புல் ரிக்வெஸ்டா போகும். இன்னொருத்தர் படிச்சு, கேள்வி கேட்டு, சரின்னா மெர்ஜ் பண்ணுவார். பேச்சுவார்த்தை வெளியிடுறதுக்கு முன்னாடியே நடந்துடுது.

இதுக்கு டெர்மினல் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. கிட்ஹப்ல அந்த ஃபைலைத் திறந்து பென்சில் ஐகானைத் தட்டுங்க. உங்களுக்கு எழுதுற அனுமதி இல்லைன்னா, அதுவே உங்க பேர்ல ஒரு ஃபோர்க் எடுத்துக்கும்.

இப்போ ரெண்டு பழக்கம் சொல்றேன்.

முதல்ல, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். கிட் மாற்றங்களை வரி வரியாத்தான் பார்க்கும். முழு பத்தியும் ஒரே வரியா இருந்தா, நீங்க முதல் வாக்கியத்தையும் இன்னொருத்தர் கடைசி வாக்கியத்தையும் திருத்தினாக்கூட மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். ரிவ்யூ பண்றவருக்கும் என்ன மாறுச்சுன்னு தேடுறது கஷ்டம். மார்க்டவுன்ல நடுவுல காலி வரி விடாம என்டர் தட்டினா, வெளியாகிற பக்கத்துல பொதுவா ஒரே பத்தியாத்தான் தெரியும். தைரியமா உடைக்கலாம்.

ரெண்டாவது, கமிட் மெசேஜ்ல 'அப்டேட்'னு மட்டும் எழுதாதீங்க. என்ன மாறுச்சுன்னு கிட்டே காட்டிடும். ஏன்னு நீங்கதான் சொல்லணும். "இந்த ஆப்ஷன் புது வெர்ஷன்ல இல்லை, அதனால எடுத்துட்டேன்" — இது போதும். ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது 'கிட் பிளேம்' போட்டு அந்தக் கமிட்டைத் திறந்தா பதில் அங்கேயே இருக்கும். பேர்தான் பிளேம், யாரையும் திட்டுறதுக்கு இல்ல.

அடுத்த தடவை டாக்ஸ்ல ஒரு தப்பைப் பார்த்தா, முனகிட்டு டேபை மூடாதீங்க. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி அனுப்புங்க. சின்ன புல் ரிக்வெஸ்ட்டைப் படிச்சு முடிக்க ரிவ்யூவருக்கும் அதிக நேரம் ஆகாது.