ஒரு மணி நேரம் வேலை பார்த்தீர்களா?

கருத்தரங்கம் என்றாலே எனக்கு மூன்று விஷயங்கள்தான் ஞாபகம் வரும். பிளாஸ்டிக் ஃபைல். பதினோரு மணி அமர்வைப் பன்னிரண்டே காலுக்குத் தொடங்கிவிட்டு ‘நேரமின்மை காரணமாக’ என்று மைக்கில் வருத்தம் தெரிவிக்கும் தலைவர். அப்புறம் சமோசா. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமி நான். புதுச்சேரி வட்டாரத்தில் ‘தொழிலாளர் பொருளாதாரம்’ என்று எங்கே பேனர் கட்டினாலும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். சமோசாவுக்காகத்தான் என்கிறாள் என் மனைவி. பாதி உண்மை.

மீதிப் பாதி, அங்கே கிடைக்கிற சமாசாரங்கள். உதாரணத்துக்கு ஒன்று. இந்த நாட்டில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கண்டுபிடிக்க மத்திய அரசு 2017-18லிருந்து ‘பி.எல்.எஃப்.எஸ்.’ என்ற கணக்கெடுப்பை நடத்துகிறது. அதிலுள்ள ஓர் அளவுகோல்படி, கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் நீங்கள் வேலை பார்த்திருந்தால் போதும். அந்த வாரம் முழுக்க நீங்கள் ‘வேலையில் இருப்பவர்’. உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் கணக்கிலும் இதே ஒரு மணி நேரம்தான்.

பக்கத்து வீட்டு அரசாங்க ஊழியரிடம் இதைச் சொன்னேன். “வாரத்துக்கு ஒரு மணி நேரமா? எதுக்கு சார் அவ்வளவு கெடுபிடி?” என்றார்.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் வில்லியனூரில் இருக்கிற என் அத்தை விஷயத்தில் அப்படிப் போக முடியவில்லை. அத்தைக்கு இரண்டு கறவை மாடு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, சாணம் வாரி, கறந்து, பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, அப்புறம்தான் காபி. பத்து மணிக்குப் புல் அறுக்கப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவாள். ஒரு நாள் கல்லூரி மாணவன் ஒருவன் ஆய்வுக்காக நோட்டும் கையுமாக வந்தான்.

“என்ன வேலை பாக்கறீங்கம்மா?”

“நான் எங்கப்பா வேலை பாக்கறேன்? வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

பையன் எழுதிக்கொண்டு வாசல் வரை போய்விட்டான். அங்கே கவிழ்த்து வைத்திருந்த பால் கேன் கண்ணில் பட்டது. திரும்பி வந்து, “இது யாரோடதும்மா?” என்றான். நல்ல பையன்.

அந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அரசுக் கணக்கெடுப்பில் ஆளுக்கொரு குறியீட்டு எண் உண்டு. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது, வீட்டுக்கென்று தைப்பது என்றால் 93. இரண்டுமே ‘உழைப்புப் படை’க்கு வெளியே. அதே பெண்மணி வீட்டு மாட்டைக் கவனித்துப் பால் விற்கிறாள் என்று தெரிந்தால் எண் மாறுகிறது, தொழிலாளி ஆகிவிடுகிறாள். பால் கேன் திண்ணைக்கு உள்ளே இருந்திருந்தால் அத்தை 92. இப்படி எத்தனை கேன் உள்ளே இருந்ததோ! ‘பெண்கள் வேலைக்கு வருவதில்லை’ என்று யாராவது வரைபடம் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேன்தான் ஞாபகம் வருகிறது.

ஊருக்குப் போய்க் கேட்பது என்பது புதிய வித்தை அல்ல. 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஓர் ஆங்கிலேயர் வந்தார். புத்தகத்தில் இந்தியக் கிராமம் கிடைக்கவில்லை. அவர் செய்த காரியம் ரொம்ப எளிது. மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, ‘லீவுக்கு உங்க ஊருக்குத்தானே போறீங்க? கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி காசா நெல்லா, கடன் யாரிடம். 1918ல் அது புத்தகமாகவே வந்தது.

அந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. விழுப்புரம் தாண்டி, திருவெண்ணெய்நல்லூர் பக்கம். வில்லியனூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு பகல் பொழுதில் போய் வந்துவிடலாம். 1916ல் முதல் கணக்கு. 1936-37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்வு. 1981ல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும். 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். ஒரே ஊரை இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது? ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் அது. படியாள் என்று கடனுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள் இருந்தார்கள். படி அளப்பவர் சொன்னதுதான் சட்டம். 2008ல் அந்தப் பிடி பெரிதும் தளர்ந்து, ஜனங்கள் ஊருக்கு வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் இதே வழியில் போனார்கள். 2010ல் கடலூர், விழுப்புரம் பக்கத்தில் பத்து ஊர்களில் 405 குடும்பங்களைக் கடன், வேலை பற்றிக் கேட்டார்கள். 2016ல் மறுபடியும் அதே வீடுகளைத் தேடிப் போனார்கள். பாதிக் கணக்கில் வந்தது நவம்பர் 8. ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது! ஆராய்ச்சிக்காரர்களுக்கு இப்படி ஒரு சோதனை யாரும் ஏற்பாடு செய்து கொடுக்க முடியாது. அறிவிப்புக்கு முன்னால் கேட்டவர்கள் ஒரு பக்கம், பின்னால் கேட்டவர்கள் ஒரு பக்கம். கையில் பணம் இல்லாதபோது ஜனங்கள் பாங்க்கை நம்பவில்லை. உறவையும் தெரிந்தவர்களையும்தான் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

சோதனை என்றதும் ஓர் ஆதங்கம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. எல்லை தாண்டினால் பென்சில்வேனியா, அங்கே பழைய கூலி. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரண்டு பக்கத்திலும் இருந்த பர்கர் கடைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். கூலி ஏறினால் ஆளைக் குறைப்பார்கள் என்பது பாடப்புத்தகம். குறைக்கவில்லை. 2021ல் கார்டுக்கு நோபல் பரிசு.

ஒரே ஓர் எல்லைக்கு நோபல் என்றால், நம்மிடம் எத்தனை எல்லை! பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராகச் சேர்த்ததில், பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் வரைபடம் கிழித்துப் போட்ட அப்பளம் மாதிரி இருக்கும். இந்த வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு. குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு அங்கே தனி, இங்கே தனி. நமக்கோ எல்லை என்றால் ஞாபகம் வருவது பாட்டிலும் பெட்ரோலும்! நான் சமோசா தின்ற அரங்குகளில் இந்த வரப்பைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

பாகூருக்குப் படிப்பு ஒன்றும் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதாவது கல்லூரி. அதன் செலவுக்கு மூன்று கிராமங்களை எழுதிக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அந்தக் காலத்து யு.ஜி.சி. மானியம்! அந்த மூன்று ஊரிலும் நாற்று நட்டது யார் என்று செப்பேட்டில் தேடக்கூடாது.

இந்த நடவு சீசனில் பாகூர் ஏரிப் பக்கம் போனபோது, நட்டுவிட்டுக் கரையேறிய ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும். பத்துப் பேராகச் சேர்ந்து காணிக்கு இவ்வளவு என்று பேசி நடுகிறார்கள். இங்கே வேலை இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ பிடித்துப் பெண்ணையாற்றைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம்.

“அந்தப் பக்கம் கூலி அதிகமாம்மா?”

“கூலி அதிகம்தான் தம்பி. ஆட்டோவுக்குக் குடுத்தா அதே கூலிதான்.”

எழுதிக்கொண்டேன். கார்டுக்கு இந்த ஆட்டோ தொந்தரவு இருந்திருக்காது.

போன வாரம் எத்தனை நாள் வேலை என்று கேட்டேன். ரெண்டு நாள் என்றார். மூணு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு ரோட்டோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்களாம். நான் அந்த ஒரு மணி நேரக் கணக்கை அவருக்கு விளக்கினேன். அரசாங்கப் புத்தகப்படி அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலை இருந்தது என்றேன்.

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“சரி தம்பி. அப்ப நின்னுட்டு வந்தமே, அந்த மூணு நாள் கூலிய யாருகிட்ட போயி வாங்கறது?”