சீலாவுக்கு விழித்திருக்கும் இரவு

காலையில் பேரம் பேசி வாங்குகிறீர்களே சீலா மீன், அதற்காக ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்தார் என்பதை எண்ணியதுண்டா?

யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, கடனீரேரிக் கரையில் உள்ளது அரியாலை. ஆழம் குறைந்த இத்தகைய நீரில், கண்டல் வேர்களுக்கிடையே சீலாக் குஞ்சுகள் ஒதுங்கி வளரும். நீண்ட தாடை, கூரிய பற்கள். சிறு மீன்களே இரை. சீலாவில் சில இனங்கள் பகலில் கூட்டமாய்ச் சோம்பிக் கிடந்து, இருட்டியதும் பிரிந்து இரை தேடும். நிலவு வெளிச்சத்தில் வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எனவே தொழிலாளிக்கு இருட்டே துணை.

அந்த இருட்டும் ஒரு காலம் பறிபோயிற்று. யுத்த ஆண்டுகளில் இரவுத் தொழிலுக்குத் தடைகள் வந்தன. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சந்தையில் அன்றாடம் சந்தித்த விற்பவரும் வாங்குபவரும் பிரிந்தனர். 2009 மே மாதம் யுத்தம் முடிந்த பின்னரே பலர் திரும்பத் தொடங்கினர்.

கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருப்பதை அல்குர்ஆன் (5:96) கூறுகிறது. அந்த ரிஸ்க் நம் சட்டிக்கு வர, பெரும்பாலும் பிற சமயச் சகோதரர் ஒருவரே தூக்கம் இழக்கிறார். அடுத்த முறை விலை பேசும்போது அந்த இரவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.