மராலிங்கா: தீங்கு நேராது என்று உறுதியளித்த பிரதமர்

1953ஆம் ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இராபர்ட் மென்சீஸ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுதிமொழி அளித்தார். தென் ஆஸ்திரேலியப் பாலை நிலத்தில் பிரித்தானியா நடத்திய அணுகுண்டுச் சோதனையால் எவருடைய உயிருக்கும் தீங்கு நேரும் என்று எண்ணிப் பார்க்கக்கூட இடமில்லை என்பது அதன் சாரம். அதே மாதம் 15ஆம் நாள் எமு ஃபீல்டு என்னுமிடத்தில் 'டோட்டம் 1' என்ற குண்டு வெடிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து வடகிழக்கே சுமார் 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாலட்டினாவில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள், தங்கள் குடியிருப்பின் மீது எண்ணெய்ப் பிசுக்குடன் கறுப்பு மூட்டம் ஒன்று கவிந்து நகர்ந்ததைக் கண்டார்கள். கண் எரிச்சலும் வாந்தியும் தோல் நோயும் கண்டதாகப் பின்னாளில் அவர்கள் சாட்சியமளித்தார்கள். அப்போது சிறுவனாக அங்கிருந்த யாமி லெஸ்டர் வளர்ந்தபோது இரு கண்களிலும் பார்வையை இழந்திருந்தார்.

பிரதமரின் சொல்லுக்கும் வாலட்டினா மக்களின் சொல்லுக்கும் இடையே எது உண்மை என்று தீர்மானிக்க அன்று ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தக் குடியிருப்பில் கதிரியக்கத்தை அளந்திருக்க வேண்டும். அம்மக்களை மருத்துவர்கள் சோதித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

மென்சீஸ் எப்படி இதற்கு இணங்கினார் என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்கா 1946இல் இயற்றிய அணுசக்திச் சட்டம், போர்க்காலக் கூட்டாளியான பிரித்தானியாவுக்கும் அணு இரகசியங்களின் கதவைச் சாத்தியது. தனக்கென்று குண்டு செய்யத் தொடங்கிய பிரித்தானியாவுக்கு அதை வெடித்துப் பார்க்க இடம் தேவைப்பட்டது. நெருக்கமான மக்கள்தொகை கொண்ட தன் தீவில் அது இயலாது. 1950 செப்டம்பரில் பிரித்தானியப் பிரதமர் அட்லி, மென்சீசிடம் இரகசியமாக அனுமதி கேட்டார். மென்சீஸ் தமது அமைச்சரவையைக் கலந்துகொள்ளாமலேயே கொள்கை அளவில் இசைவு தெரிவித்தார். நாட்டு மக்களுக்கு இச்செய்தி 1952 பிப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 3 அன்று மான்டிபெல்லோ தீவுகளில் முதல் குண்டு வெடித்தது. 1957 வரை மொத்தம் 12 குண்டுகள்: மான்டிபெல்லோவில் 3, எமு ஃபீல்டில் 2, மராலிங்காவில் 7. 'சிறு சோதனைகள்' என்ற அடக்கமான பெயரில் 1963 வரை தொடர்ந்தவைதான் மராலிங்கா மண்ணில் புளூட்டோனியத்தைத் தூவிச் சென்றன.

மராலிங்கா என்றால் இடி. ஆனால் அது அந்நிலத்து மக்களின் சொல் அன்று. வடக்கு ஆஸ்திரேலியாவின் வேறொரு பூர்வகுடி மொழியிலிருந்து எடுத்து வைத்த பெயர்.

மென்சீஸ் பேரரசின் மீது பற்று மிகுந்தவர், அதை மறைத்தவரும் அல்லர். எனவே அவரைத் தனிமனிதராக நிறுத்திக் கடிந்துகொள்வது எளிது. நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, அவருக்கு அந்த இசைவை வழங்கும் அதிகாரத்தைக் கொடுத்த சட்டம். ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 127ஆவது பிரிவு, நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடுகையில் பூர்வகுடியினரைச் சேர்க்கலாகாது என்று வெளிப்படையாகவே கூறியது. 1967ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில்தான் அது நீக்கப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பூர்வகுடியினர் அனைவருக்கும் 1962இல்தான் கிடைத்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன் அந்நிலத்தில் சட்டம் ஏற்கத்தக்க உரிமை எவருக்கும் இருந்ததில்லை என்ற கோட்பாடு 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பு வரும்வரை நின்றது. மக்கள்தொகையில் எண்ணப்படாத, வாக்கு இல்லாத, நிலத்துக்கு உரிமை இல்லாத மக்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. 'யாரும் இல்லாத பாலைவனம்' என்ற அன்றைய பேச்சு புவியியல் அறியாமையால் வந்ததன்று. சட்டப்படி அங்கே யாரும் இல்லை.

அங்கே ஆட்கள் இருப்பது அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். பல இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் நடமாடும் மக்களைத் தேடிக் கண்டு விலக்கி வைக்க 1953இல் நியமிக்கப்பட்டிருந்தவர் வால்டர் மெக்டூகல் என்ற ஒரே ஒரு சுற்றுக்காவல் அலுவலர். மக்களின் வாழ்வு குலைகிறது என்று அவர் முறையிட்டபோது, வழங்கல் துறையின் தலைமை விஞ்ஞானி எழுதிய கடிதம் இன்றும் ஆவணத்தில் உள்ளது. விரல்விட்டு எண்ணக்கூடிய பூர்வகுடிகளின் விவகாரங்களைப் பிரித்தானியக் காமன்வெல்த்தின் நலனுக்கு மேலாக அவர் வைக்கிறார் என்பதே அக்கடிதத்தின் குற்றச்சாட்டு. எச்சரிக்கைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருந்தன. 1957 மே மாதம், கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் கொண்ட ஒரு குடும்பம் மராலிங்காவில் குண்டு தோண்டிய பள்ளத்தின் அருகே தங்கியிருந்ததைப் படையினர் கண்டார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, வண்டியிலேற்றி, தெற்கே யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள். கருவுற்றிருந்த அந்தத் தாய்க்குக் குழந்தை இறந்து பிறந்தது.

இவையெல்லாம் பொதுவெளிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. சோதனைகளின் பாதுகாப்புக் குழுத் தலைவராக இருந்த எர்னஸ்ட் டிட்டர்டன் வானொலியில் அளித்த விளக்கத்தைக் கேட்டு, யாமி லெஸ்டர் 1980இல் செய்தித்தாளிடம் தம் கதையைச் சொன்னார். 1984இல் நீதிபதி ஜேம்ஸ் மெக்லெலண்ட் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1985இல் வெளிவந்தது. டோட்டம் 1 வெடிக்கப்பட்டபோது வீசிய காற்று அதற்கு ஏற்றதன்று என்றும், காற்று வீசிய திசையில் வாழ்ந்த வாலட்டினா மக்கள் கணக்கில் கொள்ளப்படவே இல்லை என்றும் ஆணையம் கூறியது. கறுப்பு மூட்டம் உண்மை என்று ஏற்றது. அது சிலரைத் தற்காலிகமாக நோயுறச் செய்திருக்கலாம் என்றும் ஏற்றது. அதற்கு மேல் வேறு நோய்களையோ பாதிப்புகளையோ அது உண்டாக்கியதா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடித்தது.

இந்த முடிவை நேர்மையற்றது என்று நாம் சொல்லமாட்டோம். ஆணையம் தன் முன் இருந்த சான்றைக் கொண்டே பேச முடியும். ஆனால் 'போதிய சான்று இல்லை' என்ற சொற்றொடரை நீதிமன்ற வளாகங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு அது எப்படி உருவாகிறது என்பதும் தெரியும். அளவுகருவியை வைத்திருந்தவர் அரசு. எங்கே வைத்து அளப்பது என்று தீர்மானித்தவரும் அரசு. எங்கே அளக்கவில்லையோ அங்கே தீங்கு பதிவாகவில்லை. தீங்கு பதிவாகாததால் தீங்கு நேராது என்ற உறுதிமொழி பொய்ப்பிக்கப்படவும் இல்லை. மெய்ப்பிக்கும் சுமையோ முப்பது ஆண்டுகள் கழித்து, எழுத்தறிவு மறுக்கப்பட்ட, மருத்துவக் குறிப்பேடு ஒன்றுமில்லாத மக்களின் தோளில் ஏற்றப்பட்டது.

இதே ஆஸ்திரேலியா 1973 மே மாதம் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியது. பசிபிக்கின் முருரோவாவில் பிரான்சு நடத்திவந்த வளிமண்டல அணுச் சோதனைகளுக்கு எதிரான வழக்கு அது. அப்போது ஆட்சியிலிருந்தது மென்சீசின் கட்சி அன்று, விட்லமின் தொழிற்கட்சி. கதிரியக்கத் துகள் எவ்வளவு சிறிதாயினும், தன் இசைவின்றித் தன் மண்ணில் விழுவது இறையாண்மையை மீறுவதாகும் என்று ஆஸ்திரேலியா வாதிட்டது. முருரோவா அந்நாட்டிலிருந்து சுமார் 6,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஜூன் மாதம் இடைக்கால ஆணை கிடைத்தது. வளிமண்டலச் சோதனைகளை நிறுத்தப்போவதாகப் பிரான்சு அறிவித்ததால், 1974 டிசம்பர் 20 அன்று, வழக்குக்குப் பொருளில்லை என்று நீதிமன்றம் முடித்துவைத்தது. அவ்வாதம் சரியானது என்றே நாம் கருதுகிறோம். இசைவின்றித் துகள் விழலாகாது என்ற நெறி 6,000 கிலோமீட்டருக்குப் பொருந்துமானால் 170 கிலோமீட்டருக்கும் பொருந்த வேண்டும். ஆனால் அந்நெறியில் இசைவு தருவது நாட்டின் அரசு. அந்த அரசு எவரை மக்களாக எண்ணியது என்ற கேள்வி ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் எழ வழியே இல்லை.

1994இல் மராலிங்கா ஜாருஜா மக்களுக்கு 1.35 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. 1995 முதல் 2000 வரை நச்சு மண்ணைச் சுரண்டிப் புதைக்கும் பணி நடந்தது. செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. பிரித்தானியா அதில் ஒரு பங்கை மட்டும் ஏற்றது. சோதனைக்களம் அமைந்திருந்த நிலம் 2009இல் உரியவர்களிடம் திரும்பியது. அதன் ஒரு பகுதியைச் சுற்றி இன்று எல்லைக் கம்பங்கள் நிற்கின்றன. இப்போது அவற்றில் அம்மக்களின் மொழியும் இடம்பெற்றிருக்கிறது: வேட்டையாடலாம், தங்கலாகாது.