உங்களுக்குத் தெரியுமா? ஒரு கோப்பு, மூன்று பிரதி

குருநகரிலிருந்து யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு நடந்தே போய்விடலாம். 1981இல் அங்கே சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அவற்றுள் சிலவற்றுக்கு உலகில் வேறு பிரதியே இல்லை. அந்த இழப்பு இன்னும் ஆறவில்லை.

இணையத்தின் மாபெரும் கோப்பு முறைமைகளோ ஒரே பிரதியை நம்புவதில்லை; அவை இயந்திரம் பழுதாகியே தீரும் என்று எண்ணியே கட்டப்பட்டவை. சஞ்சய் கெமாவத்தும் இரு சகாக்களும் 2003இல் விளக்கிய கூகுள் கோப்பு முறைமை, பெரிய கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வழக்கமாக மூன்று கணினிகளில் வைத்தது. எந்தத் துண்டு எங்கே என்ற பேரேடு தலைமைக் கணினியிடம் இருந்தது. கோப்பைக் கேட்பவர் அதனிடம் இடத்தை மட்டும் அறிந்துகொண்டு துண்டை நேரே போய் எடுத்தார். அதனால் தலைமைக் கணினியிடம் நெரிசல் குறைந்தது.

இதே வழியில் வந்த ஹடூப் கோப்பு முறைமையில், ஒவ்வொரு கணினியும் 3 விநாடிக்கு ஒருமுறை ‘உயிரோடிருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும். அதன் பெயரே இதயத்துடிப்பு! பத்து நிமிடத்துக்கு மேல் துடிப்பு வராவிட்டால், அதிலிருந்த துண்டுகளுக்கு மிஞ்சிய பிரதிகளிலிருந்து புதுப் பிரதி எடுக்கப்படும். மூன்று பிரதிகளையும் ஒரே கணினி அடுக்கில் வைப்பதுமில்லை. ஓர் அடுக்குக்கே மின்சாரம் போனாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும்.