விசையுந்தில் வளைவு திரும்புதல்

விசையுந்தில் வளைவு திரும்புதல் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிளை வளைவின் உட்புறமாகச் சாய்த்துத் திசை மாற்றும் செயல் ஆகும். நான்கு சக்கர ஊர்தி சாயாமலேயே திரும்பும்; ஓடும் இரு சக்கர ஊர்தி சாயாமல் திரும்ப இயலாது. சாய்ந்தால் விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் இயல்பானது. எனினும் ஓட்டுநரை வீழ்த்துவது பெரும்பாலும் சாய்வு அன்று. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்காமையும், பின்னர் நடுவழியில் அஞ்சிப் பிரேக்கை அழுத்துவதுமே ஆகும். இக்கட்டுரை கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்திறனை விளக்குகிறது.

இயற்பியல் அடிப்படை

வளைபாதையில் செல்லும் பொருளுக்கு மையநோக்கு விசை தேவை. சாலையில் இவ்விசையை டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு தருகிறது. தேவைப்படும் விசை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், வளைவின் ஆரத்துக்கு எதிர்விகிதத்திலும் அமையும். அதாவது, வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும்.

எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு சமதள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஏறத்தாழ 27 பாகை சாய வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் கெழு சுமார் 0.8 எனக் கொண்டால், அவ்வளைவில் வழுக்காமல் செல்லக்கூடிய உச்ச வேகம் ஏறத்தாழ 45 கி.மீ. ஆகும். மழையில் நனைந்த சாலையில் கெழு சுமார் 0.5 ஆகக் குறையும்போது அவ்வெல்லை 36 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. நேற்று இயல்பாகக் கடந்த அதே வேகம் இன்று விளிம்பாக மாறுகிறது. ஓட்டுநரின் உணர்வில் மட்டும் எந்த வேறுபாடும் தெரிவதில்லை.

இச்சமன்பாட்டில் எடை இடம்பெறுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னிருக்கையில் ஒருவர் இருப்பதால் தேவையான சாய்வு மாறாது. ஆனால் அவர் வண்டியோடு சேர்ந்து சாயாமல் எதிர்ப்புறம் நிமிர்ந்தால், வண்டியை அவ்வளவு கூடுதலாகச் சாய்க்க வேண்டிவரும். நம் ஊரில் ஒருபக்கமாகக் கால் போட்டு அமர்வோர் மிகுதி. அவர்களுடன் செல்கையில் வேகத்தைக் குறைப்பதே வழி.

எதிர்த்திருப்பல்

வலப்புறம் திரும்ப, வலக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்ந்து வளைவில் நுழையும். மிதிவண்டி ஓட்டுவோரும் இதையே தம்மையறியாமல் செய்கின்றனர். விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்களுள் ஒருவரான வில்பர் ரைட் இதைக் கவனித்துக் கூறியுள்ளார். நடைவேகத்தில் மட்டும் இது பொருந்தாது.

அறியாமல் செய்வதை அறிந்து செய்வதில் பெரும்பயன் உண்டு. 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 விசையுந்து விபத்துகளை நேரில் ஆய்ந்தது. வேறு ஊர்தி தொடர்பில்லாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுநர் பிழையால் நேர்ந்தவை. அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்து வழுக்கியதும், வளைவில் போதிய அளவு திருப்பாமல் வெளிப்புறம் விலகியதும் அவற்றுள் முதன்மையானவை.

வளைவைக் கடக்கும் முறை

வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, உரிய கியருக்கு மாறிவிட வேண்டும். பின்னர் தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தை நோக்க வேண்டும். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும். குழியையோ மதிற்சுவரையோ உற்றுப் பார்ப்பவர் அதை நோக்கியே செல்வார். சாய்ந்தபின் ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்திருத்தல் வேண்டும்.

எதிரே ஊர்தி வராத பந்தயத் தடத்தில் சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை நேராக்கலாம். குறுகிய மாவட்டச் சாலையில் அவ்வாறு செய்பவர் எதிரே வரும் பேருந்தின் முன் போய் நிற்பார். வலப்புற வளைவில் இடது ஓரத்தை ஒட்டிச் சென்று பார்வைத் தொலைவைக் கூட்டலாம். தென்னந்தோப்போ மதிலோ மறைக்கும் வளைவில், கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகமே சரியான வேகம்.

வேகமாக நுழைந்துவிட்டால் என்ன செய்வது? மேலே கண்ட எடுத்துக்காட்டில், உலர்ந்த சாலையில் 36 கி.மீ. வேகத்தில் செல்பவர் கிடைக்கும் உராய்வில் மூன்றில் இரண்டு பங்கையே பயன்படுத்துகிறார். எனவே பிரேக்கைத் திடீரென அழுத்தாமல், பார்வையை வளைவின் முடிவில் நிறுத்தி, மேலும் சற்றுச் சாய்ப்பதே பெரும்பாலும் காக்கும். திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் உராய்வு ஒன்றே. ஒன்றுக்குச் செலவிட்டது மற்றொன்றுக்குக் கிடைக்காது.

கன்னியாகுமரி மாவட்டச் சாலைகள்

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாடு நெல்வயல் சூழ்ந்த சமவெளி. எனினும் இங்குள்ள ஊர்ச்சாலைகள் குளக்கரைகளையும் கால்வாய்களையும் ஒட்டி வளைந்து செல்வதால், வளைவின் வெளிப்புறம் பெரும்பாலும் நீராகவே இருக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைக் காலங்களில் சாலையில் பரப்பப்படும் வைக்கோல் டயரின் பிடிப்பை வெகுவாகக் குறைக்கும்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் பகுதி ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்தது. மர நிழலில் மழை ஓய்ந்த பின்னும் சாலை நெடுநேரம் காய்வதில்லை. திசம்பர் முதல் பெப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதும் சேர்ந்துகொள்ளும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெறும் மாவட்டமாதலால் ஈரச்சாலை இங்கு விதிவிலக்கன்று. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கலந்து மிகவும் வழுக்கும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளை இயக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று விசையுந்தைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கு நேரான சாலையிலும் காற்றை எதிர்த்துச் சற்றுச் சாய்ந்தே ஓட்ட வேண்டியிருக்கும். பெரிய ஊர்தியின் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில் கைப்பிடியில் கவனம் தேவை.

பயிற்சி

ஆளற்ற, தூய்மையான மைதானத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்து, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சுற்றலாம், சாய்வு ஏறத்தாழ 17 பாகையாக இருக்கும். பலருக்கு ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் தோன்றும். கடினமான பக்கத்துக்கே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். தலைக்கவசம் இங்கும் அணிய வேண்டும். தேய்ந்த டயரும் குறைந்த காற்றழுத்தமும் பயிற்சியைப் பயனற்றதாக்கும்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய விசையுந்துகளுக்கு ஏ.பி.எஸ் பிரேக் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. இது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். சாய்ந்த நிலையில் இல்லாத உராய்வை உண்டாக்கித் தராது. மைதானப் பயிற்சிக்குப் பின் நன்கு பழகிய ஒரே சாலையை முதலில் உலர்ந்த நாளிலும், பிறகு மழை நாளில் வேகத்தைப் பெரிதும் குறைத்தும் ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்குமுள்ள வேறுபாடு விளங்கும்.